பதநீரைப் பருவம் அறிந்து சுவைத்தல்: ராமநாதபுரக் கடற்கரைக்கான முழுமையான வழிகாட்டி

பெங்களூரின் சிறு பீர் ஆலைகளில் மாம்பழக் காலத்துக்கு ஒரு வடிப்பு, குளிர்காலத்துக்கு இன்னொரு வடிப்பு என்று வைத்திருப்பதும், வருபவர்கள் நாலைந்து சிறு கோப்பைகளை வரிசையாக வாங்கி நிறம், மணம், முதற்சுவை, பின்சுவை என்று ஒவ்வொன்றாகக் கவனித்துப் பருகுவதும் இன்று பரவலாகிவிட்டது. நல்ல முறைதான். ஆனால் பருவத்தோடு தொடங்கிப் பருவத்தோடு முடிந்துபோகும் ஒரு பானம் சாயல்குடியிலிருந்து தங்கச்சிமடம் வரை நம் பனைகளின் உச்சியிலேயே வடிந்துகொண்டிருக்க, அதை அந்த அளவு கவனத்தோடு சுவைப்பவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, தாகத்துக்குப் பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

மரம், மாதம், இறக்கிய நேரம், சாறு சேர மரத்தில் கட்டும் மண்கலயத்தில் தடவிய சுண்ணாம்பின் அளவு ஆகிய நான்கும் சேர்ந்து ஒவ்வொரு கலயத்தையும் வேறாக்குகின்றன. முதல் மூன்றும் இயற்கையின் கையில் இருக்கின்றன. நான்காவது பனையேறியின் கையில் இருக்கிறது. இனிப்புக்குப் பின்னால் அந்தச் சுண்ணாம்பைக் கண்டுகொள்வதே பதநீர் சுவைப்பதில் கற்க வேண்டிய முதன்மையான பாடம் என்பது என் உறுதியான கருத்து. எனவே இந்த வழிகாட்டியில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதற்படி: காலத்தைத் தெரிந்துகொள்ளுதல்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை மாதம் பிறந்த பிறகுதான் பனையேறிகள் மரங்களைத் துப்புரவு செய்து, பாளைகள் எனும் பூங்குலைகளைக் கவனிக்கத் தொடங்குகிறார்கள். பாளையைக் கண்டவுடன் பதநீர் கிடைத்துவிடாது. விரியாத பாளையைக் கடிப்பு என்னும் கருவியால் இடுக்கி நசுக்கி, கட்டி, நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவிப் பழக்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் இப்படிச் செய்த பிறகே சொட்டு விழத் தொடங்கும். பனையில் ஆண், பெண் என்று மரங்கள் தனித்தனி. பொதுவாக ஆண்பனை முந்திப் பாளை விடும். பெண்பனை பிந்தி விட்டாலும் கூடுதலாக வடியும். ஆகவே மாசியில் கிடைப்பது பெரும்பாலும் ஆண்பனைப் பதநீர் என்றும், பங்குனி கடந்து சித்திரை, வைகாசியில் கிடைப்பதில் பெண்பனையின் பங்கு மிகுதி என்றும் கொள்ளலாம். ஆனி கழிந்து ஆடிக்காற்று வலுக்கும்போது வடிப்பும் குறையும், மரத்தின் உச்சியில் நின்று சீவுவதும் ஆபத்தாகும். அத்தோடு பருவம் முடிகிறது.

முழுமையாகச் சுவைத்துப் பார்க்க விரும்புபவர் ஒரே தோட்டத்துக்கு மாசியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை, ஆனியில் ஒருமுறை போக வேண்டும். ஒரே ஒருமுறைதான் போக முடியும் என்றால் பங்குனியின் பிற்பகுதியைத் தேர்ந்தெடுங்கள். வடிப்பு நன்றாக நிலைத்திருக்கும். கோடையின் உச்சம் வந்திருக்காது. இரண்டு வகை மரங்களிலிருந்தும் கிடைக்க வாய்ப்பு உண்டு.

இரண்டாம் படி: பனையேறியிடம் முன்கூட்டியே பேசுதல்

சாலையோரப் பானையில் இருப்பது பல மரங்களின் கலவை. அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. சில இடங்களில் சர்க்கரைத் தண்ணீரும் சாக்கரினும் கலந்திருக்கவும் கூடும். சாயல்குடி, கடலாடி, நரிப்பையூர்ப் பக்கத்திலோ, பெரியபட்டினம், திருப்புல்லாணிப் பக்கத்திலோ, மண்டபத்தைத் தாண்டி ராமேஸ்வரம் தீவுக்குள் தங்கச்சிமடம் பக்கத்திலோ பனை ஏறும் ஒருவரை முதல்நாள் மாலையே சந்தித்துப் பேசிக்கொள்வதுதான் சரியான வழி. "அண்ணாச்சி, நாளைக்குக் காலையில ஆண்பனைக் கலயம் ஒண்ணு, பெண்பனைக் கலயம் ஒண்ணு, கலக்காமத் தனித்தனியா வேணும்" என்று தெளிவாகச் சொன்னால் போதும். கலக்காமல் தனியே இறக்கித் தருவது அவருக்குக் கூடுதல் வேலை. அதற்குரிய பணத்தையும் அப்போதே பேசிக் கொடுத்துவிட வேண்டும்.

ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைத்திருங்கள். சுண்ணாம்பு தடவாத கலயத்தை ஒருபோதும் கேட்கக் கூடாது. சுண்ணாம்பு இல்லையென்றால், காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாக்களும் சில மணி நேரத்திலேயே சாற்றைப் புளிக்கவைத்துக் கள்ளாக்கிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை நடப்பில் இருக்கிறது. நம் ஆர்வத்துக்காக அவர் வழக்கைச் சந்திக்க நேர்வது பெரிய அநியாயம்.

மூன்றாம் படி: நாவைத் தயார்செய்தல்

விடியற்காலையில் போங்கள். இரவு முழுவதும் குளிர்ச்சியில் வடிந்தது அப்போதுதான் இறங்கும். முந்தைய இரவு முண்டு மிளகாய் அரைத்த மீன்குழம்பு சாப்பிட்டிருந்தால் சுவைப்பதை மறுநாளைக்குத் தள்ளிவைப்பது நல்லது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான், ஆனால் அதன் காரம் அடங்க நேரம் பிடிக்கும். காலையில் பற்பசை, காபி, வெற்றிலை மூன்றும் வேண்டாம். வெற்றிலையோடு சேரும் சுண்ணாம்பு நாவில் இருக்கும்போது பதநீரின் சுண்ணாம்பை எப்படி எடைபோட முடியும்?

வாய் கொப்புளிக்கத் தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். கடலை ஒட்டிய பல ஊர்களில் கிணற்று நீரும் அடிகுழாய் நீரும் உவர்ப்பாக இருக்கும். அதில் கொப்புளித்துவிட்டுக் குடித்தால் எந்தப் பதநீரும் உண்மையைவிட இனிப்பாகவே தோன்றும். ஒரு மிடறுக்கும் அடுத்ததற்கும் இடையே மென்று துப்ப உப்பில்லாத பொரி கொஞ்சம் போதுமானது. ஒரே அளவுள்ள கண்ணாடித் தம்ளர்கள் நான்கு, ஒரு வெள்ளைத் தாள், மெல்லிய துணி, கொஞ்சம் மஞ்சள்தூள், ஒரு குறிப்பேடு ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பனையோலைப் பட்டையில் குடிப்பதன் மகிழ்ச்சிக்கு ஈடு கிடையாது என்றாலும், பச்சை ஓலையின் மணம் பதநீரின் மணத்தோடு கலந்துவிடும் என்பதால் ஒப்பிட்டு முடித்த பிறகே பட்டைக்குப் போக வேண்டும்.

நான்காம் படி: கண்ணால் பார்த்தல்

கலயத்தில் தேனீயும் எறும்பும் விழுந்திருப்பது இயல்பு. துணியில் வடிகட்டித் தம்ளரில் ஊற்றி, பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். சற்று நேரம் அசையாமல் வைத்தால் கரையாத சுண்ணாம்பு அடியில் மென்மண்டியாகப் படிந்து, மேலே தெளிவு நிற்கும். மண்டி தடிமனாக இருந்தால் சுண்ணாம்பு தாராளமாகவே விழுந்திருக்கிறது என்று பொருள். பால்போல் வெளுத்து, நுரையும் இடைவிடாத குமிழிகளும் இருந்தால் நொதித்தல் தொடங்கிவிட்டது. அந்தத் தம்ளரை அப்படியே ஒதுக்கிவிடுங்கள்.

ஐந்தாம் படி: மணம்

குளிர்பெட்டியில் வைத்த பதநீருக்கு மணமே இராது. மரத்திலிருந்து இறங்கிய அந்தக் காலைக் குளிர்ச்சியே போதுமான வெப்பநிலை. தம்ளரை மெல்லச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனால் முதலில் இளம்பாளையின் பசுமணம் வரும். அதன்பின் ஈரச் சுண்ணாம்பு அடித்த சுவரின் மணம் லேசாக எழும். காடி நெடியோ, ஈஸ்ட்டின் புளித்த மாவு மணமோ வந்தால் கலயத்தைச் சரியாகக் கழுவிக் காயவைக்கவில்லை அல்லது சுண்ணாம்பு போதவில்லை என்று அறியலாம். பழைய கலயத்தின் மண்ணில் நுண்ணுயிர்கள் தங்கிவிடும். அதனால்தான் கருத்துள்ள பனையேறிகள் கலயத்தைக் கழுவுவதிலும் வெயிலில் காயவைப்பதிலும் அவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார்கள்.

ஆறாம் படி: நாவில் நிறுத்திச் சுவைத்தல்

ஒரு சிறு மிடறை எடுத்து உடனே விழுங்காமல் நாவின் மேலும் கீழும் படரவிட வேண்டும். சில நொடிகள் வைத்திருந்து, உதடுகளை லேசாகத் திறந்து கொஞ்சம் காற்றை உள்ளிழுத்து, விழுங்கிய பின் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். பதநீரின் மணத்தில் பாதி இந்த மூச்சில்தான் தெரியவரும். பீரையும் ஒயினையும் சுவைப்பவர்கள் செய்வதும் இதுவே.

கவனிக்க வேண்டியவை வரிசையாக வருகின்றன. முதலில் இனிப்பு. நல்ல பதநீரின் நூறு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 12 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதில் பெரும்பங்கு சுக்ரோஸ். அந்த இனிப்பு உடனே வந்து, வட்டமாக நின்று, சுத்தமாக இறங்க வேண்டும். விழுங்கிய பிறகும் நெடுநேரம் நாவின் பின்பக்கத்தில் இனிப்பும், கூடவே ஓர் உலோகக் கசப்பும் ஒட்டிக்கொண்டிருந்தால் சாக்கரினைச் சந்தேகிக்கலாம். இனிப்புக்கு அடுத்து, கனிமத் தன்மையுள்ள ஒரு மெல்லிய உவர்ப்பு வரும். அதற்கும் பின்னால் வருவதுதான் சுண்ணாம்பு. அது சுவையாக வருவதற்கு முன் தொடுவுணர்வாக வரும்: பற்களின் மேல் ஒரு சொரசொரப்பு, நாவின் ஓரங்களில் வழுவழுப்பு, கன்னத்தின் உட்புறத்தில் ஓர் இறுக்கம். அளவு மிகும்போது அது எரிச்சலாகவும் சோப்புத் தன்மையாகவும் மாறும்.

ஏழாம் படி: சுண்ணாம்பைப் பிரித்தறிதல்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. கலயத்தின் உட்புறத்தில் அதைத் தடவும்போது, விழும் சாறு காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) அடைகிறது. அந்தச் சூழலில் நுண்ணுயிர்கள் எளிதில் பெருக முடியாது. சர்க்கரை சர்க்கரையாகவே நிற்கிறது. குறைத்துத் தடவினால் விடிவதற்குள் புளிப்பு ஏறிவிடும். கூட்டித் தடவினால் பதநீர் பாதுகாப்பாக இருக்கும், ஆனால் குடிப்பவர் நாவு வெந்துபோகும். இரவின் வெப்பம், பாளை வடியும் வேகம், கலயம் மரத்தில் தொங்கப்போகும் நேரம் ஆகிய எல்லாவற்றையும் மாலையிலேயே கணித்து, தராசும் அளவுகோலும் இல்லாமல் விரல் நுனியால் அளந்து தடவுகிறார் பனையேறி. அந்தக் கணிப்புக்கு உரிய மரியாதையை நாம் கொடுப்பதே இல்லை.

மண்டியை அடியில் விட்டுத் தெளிவை மட்டும் ஊற்றினால் சுண்ணாம்பு போய்விடும் என்று பலர் எண்ணுகிறார்கள். சர்க்கரைக் கரைசலில் சுண்ணாம்பு வெறும் தண்ணீரில் கரைவதைக் காட்டிலும் மிகுதியாகக் கரையும். எனவே கண்ணாடிபோல் தெளிந்த பதநீரிலும் கரைந்த சுண்ணாம்பு இருக்கவே செய்யும். கண்ணை நம்பாமல் நாவை நம்ப வேண்டியதன் காரணம் இதுதான்.

நாவுக்கு முதலில் ஒரு துணை வேண்டும் என்றால் மஞ்சள் இருக்கிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மஞ்சள்தூளைக் குழைத்துத் தாளில் தடவிக் காயவைத்து, ஒவ்வொரு தம்ளரிலிருந்தும் ஒரு சொட்டு வையுங்கள். மஞ்சள் மாறாமல் நின்றால் காரத்தன்மை மிகக் குறைவு. அந்தப் பதநீர் விரைவில் புளிக்கும், அல்லது புளிக்கத் தொடங்கிவிட்டது. செம்பழுப்பாக மாறினால் சுண்ணாம்பு வேலை செய்துகொண்டிருக்கிறது. பளிச்சென்ற சிவப்பு வந்தால் அளவு மிஞ்சியிருக்கிறது. மூன்று சொட்டுகளையும் அருகருகே பார்த்துவிட்டு அதே வரிசையில் தம்ளர்களைச் சுவைத்தால், நிறத்தில் கண்ட வேறுபாட்டை நாவு விரைவில் தானாகவே கண்டுகொள்ளும். அதன்பின் மஞ்சள் தேவைப்படாது.

மாங்காயைச் சீவிப் பதநீரில் போட்டுக் குடிக்கும் வழக்கத்தின் அறிவும் இங்கேதான் விளங்குகிறது. மாங்காயின் அமிலம் மிஞ்சிய காரத்தன்மையை ஈடுசெய்கிறது. சுண்ணாம்பின் இறுக்கம் தளர்ந்து இனிப்பு முன்னுக்கு வருகிறது. ஒரே பதநீரை மாங்காயோடும் மாங்காயின்றியும் அடுத்தடுத்துச் சுவைத்தால் வேறுபாடு நன்றாகத் தெரியும். நுங்கு போட்டுக் குடிப்பது வேறு கதை. நுங்கு சுவையை மாற்றுவதில்லை, மெல்லுவதற்கு ஒரு குளிர்ச்சியைச் சேர்க்கிறது. இரண்டும் அருமைதான்; ஆனால் முதல் தம்ளர் எதுவும் சேராததாக இருக்கட்டும்.

எட்டாம் படி: ஒப்பிடுதல்

நான்கு தம்ளர்களுக்கு மேல் ஒரே அமர்வில் வைக்க வேண்டாம். இனிப்பில் நாவு விரைவில் சலித்துவிடும். முதல் அமர்வில் ஆண்பனையையும் பெண்பனையையும் ஒப்பிடுங்கள். இரண்டாம் அமர்வில் ஒரே மரத்தின் காலைப் பதநீரையும், பகலில் வடிந்து மாலையில் இறக்கியதையும் ஒப்பிடுங்கள். வெயிலில் தொங்கிய கலயத்தில் வேறு ஒரு முதிர்ந்த மணம் இருக்கும். சுண்ணாம்பும் சற்றுத் தூக்கலாக இருப்பது வழக்கம், ஏனெனில் பகல் வெப்பத்தை எண்ணிப் பனையேறி அதைக் கூட்டியிருப்பார்.

மூன்றாவதாகச் செய்ய வேண்டியது பொறுமையான வேலை. காலையில் இறக்கியதில் ஒரு செம்பை நிழலில் மூடிவைத்து, மணிக்கு ஒருமுறை ஒரு மிடறு மட்டும் சுவைத்துக் குறித்துக்கொண்டே வாருங்கள். பசுமணம் மெல்ல அடங்குவதும், இனிப்பின் வட்டம் ஒருபக்கம் ஒடுங்குவதும், ஏதோ ஒரு மணியில் நாவின் ஓரத்தில் முதற்புளிப்பு தொடுவதும் தெரியும். புளிப்பு தொட்டவுடன் நிறுத்திவிட வேண்டும். அந்த எல்லையை ஒருமுறை அறிந்துவிட்டால், சாலையோரத்தில் யார் எப்போது இறக்கிய பதநீரைக் கொடுத்தாலும் ஒரு மிடறிலேயே அதன் வயதைச் சொல்லிவிடலாம்.

ஒன்பதாம் படி: அடுப்பருகே சுவைத்தல்

பதநீரைக் கொப்பரையில் காய்ச்சிக் கருப்பட்டியாக்கும் இடத்துக்கும் போய்ப் பார்ப்பது பயன் தரும். எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வற்றி ஒரு கிலோ கருப்பட்டியாகிறது. பொங்கி வழியும்போது நசுக்கிய ஆமணக்கு விதையைச் சிறிதளவு போட்டு நுரையை அடக்குவார்கள். பாதி வற்றியபின் ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்துச் சுவைத்தால் பசுமணம் முற்றிலும் போய், வறுத்த மணம் எழத் தொடங்கியிருக்கும். பிறகு கூழ்ப்பதம்; அதன்பின் தண்ணீரில் விட்டால் உருளும் பதம்; கடைசியில் சிரட்டையில் ஊற்றுவார்கள்.

காலையில் நாவு கண்ட சுண்ணாம்பு இங்கே கண்ணுக்கும் கைக்கும் தெரியும். காரத்தன்மை மிகுந்த பதநீர் காயும்போது விரைவாகக் கருக்கும். கருப்பட்டி அடர்நிறத்தில், லேசான கரிப்போடு வரும். சுண்ணாம்பு குறைந்து புளிப்பேறிய பதநீரிலோ சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் மாறிவிடுவதால், எவ்வளவு காய்ச்சினாலும் இறுகாமல் பிசுபிசுத்து நிற்கும். சரியாகத் தடவிய கலயத்தின் கருப்பட்டி உடைத்தால் மணல்மணலாக உடையும், வாயில் போட்டால் பல்லில் ஒட்டாமல் கரையும். வாய்ப்பிருந்தால் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியையும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியையும் ஒன்றாக வைத்துச் சுவைத்துப் பாருங்கள்.

உடல்நலம் குறித்த எச்சரிக்கை

பதநீர் இயற்கையானது என்பதால் நீரிழிவு உள்ளவர்களும் குடிக்கலாம் என்று சொல்லப்படுவது தவறு. 200 மில்லிலிட்டர் தம்ளர் ஒன்றில் ஏறத்தாழ 24 கிராம் சர்க்கரை இருக்கிறது. அவர்கள் ஒரு மிடறு சுவைத்துத் துப்பிவிடுவதே நல்லது. பழந்தின்னி வௌவால்கள் கலயத்துக்கு வருவதும் கவனிக்க வேண்டிய செய்தி. வங்கதேசத்தில் ஈச்சம்பனையின் பச்சைச் சாற்றைக் குடித்தவர்களுக்கு வௌவால் வழியாக நிபா தொற்று பரவியது மருத்துவ உலகம் அறிந்தது. ஓலையாலோ வலையாலோ மூடிய கலயங்களைத் தரும் தோட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். கலயத்தருகே எச்சமோ கடித்த பாளையோ தென்பட்டால் அன்றைய பதநீரைக் குடிக்காமல் காய்ச்சுவதற்கு விட்டுவிடுங்கள். வெறும் வயிற்றில் நிறையக் குடித்தால் சிலருக்கு வயிறு இளகும்; முதல்முறை வருபவர் மொத்தமாக ஒரு தம்ளருக்கு மேல் போக வேண்டாம்.

குறிப்பேடு

தேதியை ஆங்கில மாதத்தோடு தமிழ் மாதத்திலும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிடும்போது மழை பிந்தியதா, பாளை பிந்தியதா என்று அதில்தான் தெரியும். ஊர், ஆண்பனையா பெண்பனையா, கலயம் கட்டிய நேரம், இறக்கிய நேரம், முதல்நாள் காற்று எந்தப் பக்கம் வீசியது, மஞ்சள் தாளின் நிறம், இனிப்பு, உவர்ப்பு, சுண்ணாம்பு ஆகியவற்றுக்கு ஐந்துக்கு எத்தனை என்ற மதிப்பு, முதற்புளிப்பு தொட்ட மணி ஆகியவற்றைத் தவறாமல் குறிக்க வேண்டும். மஞ்சள் தாளையே வெட்டி அந்தப் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம், ஆனால் நாளடைவில் நிறம் மங்கும் என்பதால் பார்த்த நிறத்தை அன்றே எழுத்திலும் பதிவுசெய்துவிடுங்கள். எழுதியதைப் பனையேறிக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்தக் கலயத்தில் சுண்ணாம்பு தூக்கல் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களோ, அந்தக் கலயத்தில் தாம் எவ்வளவு தடவினோம், ஏன் அப்படித் தடவினோம் என்பதை அவர் சொல்வார். அதையும் உங்கள் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.